குட்டி யானைக்கு எத்தனை பட்டா?



பட்டா என்றவுடன் தாலுகா ஆபீஸில் கொடுப்பார்களே, அந்த நிலப் பட்டா என்று நினைத்துவிடாதீர்கள்! லோடு வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால், வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி இருக்கும். மேலே நீளமானது, கீழே போகப் போகச் சின்னது. மெக்கானிக்குகள் அதைத்தான் பட்டா என்பார்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஹூக் விதி, யங் குணகம் என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பாடம் மொத்தமும் அந்த அடுக்குக்குள் இருக்கிறது.

இது லாரியோடு வந்த பொருள் இல்லை. நம் தாத்தா காலத்து வில்வண்டி ஞாபகம் இருக்கிறதா? பழைய படங்களில் பண்ணையார் வருவாரே, அதுதான். சாதாரணக் கட்டை வண்டியில் அச்சு மேலேயே வண்டி உட்கார்ந்திருக்கும். வில்வண்டியில் நடுவே இந்தப் பட்டா அடுக்கு இருக்கும். அந்த "வில்"தான் பெயரிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஒபாடியா எலியட் என்பவர் 1804-ல் குதிரை வண்டிக்கு இப்படிப்பட்ட வில் அடுக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கும் முன்னாடி, 1678-லேயே, ராபர்ட் ஹூக் "எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி" என்ற தன் விதியை அச்சிட்டுவிட்டார்.

(ஒரு சின்ன விஷயம். கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் மாட வீதியில் ஓடும் பெரிய தேருக்குப் பட்டா கிடையாது. அத்தனை எடைக்கும் அது ஏன் தேவைப்படவில்லை? நாம் இழுக்கும் வேகம் அப்படி! பட்டா வேண்டியது வேகமாகப் போய்ப் பள்ளத்தில் விழும் வண்டிக்கு.)

இனி வண்டிக்கு வருவோம். டாடா ஏஸ் 2005-ல் வந்தது. 750 கிலோ சுமக்கும் வண்டி. தமிழ்நாடு முழுக்க அதற்கு "குட்டி யானை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்தது. அது சுமப்பது ஒன்றேகால் டன். பொலிரோ பிக்கப்பும் நம் சாலைகளில் நிறைய. இந்த மாதிரி வண்டிகளை வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டியதும் பலர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பின்னாடி ரெண்டு பட்டா ஏத்திடலாமா?"

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் சித்தப்பா பழைய குட்டி யானை ஒன்று வைத்திருக்கிறார். கலசபாக்கம் பக்கத்திலிருந்து காய்கறி, சீசனில் நெல் மூட்டை. மூட்டை 75 கிலோ என்று வைத்தால் 10 மூட்டையிலேயே 750 கிலோ முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த வியாபாரி 10 மூட்டையோடு விடுவார்? "இன்னும் நாலு போடுப்பா" என்பார். பின்பக்கம் தாழ்ந்துபோய் டயர் மட்கார்டில் உரசும். சித்தப்பா பட்டா ஏற்றலாம் என்று முடிவு பண்ணிப் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

உங்கள் 200 பக்க நோட்டை எடுத்து வளையுங்கள். ஓரம் படிப்படியாக விலகுகிறது அல்லவா? தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதனால்தான் சுலபமாக வளைகிறது. அதே 100 தாளையும் பசை போட்டு ஒட்டிவிட்டால் அது அட்டை ஆகிவிடும், வளையாது. பட்டா அடுக்கும் நோட்டு மாதிரிதான். ஒவ்வொரு தகடும் தனித்தனியாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து நகரும். அந்தத் தேய்மானத்தில்தான் குலுக்கல் கொஞ்சம் அடங்குகிறது. பழைய வண்டியில் கீச் கீச் என்று சத்தம் வருவதும் அங்கிருந்துதான்.

ஒரே ஒரு கனமான இரும்புப் பாளமாகவே போட்டால் என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் அமுங்குகிறது. தகடு எவ்வளவு தடிமனோ, அதே வளைவுக்கு அவ்வளவு அதிகமாக மேற்பரப்பு இழுபடும். மீட்சி எல்லையைத் தாண்டினால் திரும்ப வராது, அல்லது விரிசல் விடும். மெல்லிய தகடு நிறைய வளையும், உடையாது. ஆகவேதான் பல மெல்லிய தகடுகள்.

விறைப்புக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. வாய்ப்பாடாகச் சொல்கிறேன்: பட்டாக்களின் எண்ணிக்கை, யங் குணகம், அகலம் இவற்றைப் பெருக்கி, தடிமனின் கனத்தால் (தடிமன் × தடிமன் × தடிமன்) பெருக்கி, மறுபடி 8 ஆல் பெருக்கவும். வந்ததை நீளத்தின் கனத்தாலும் 3 ஆலும் வகுக்கவும். தடிமனும் நீளமும் மூன்று முறை வருகின்றன, எண்ணிக்கை ஒரு முறைதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட அளவு, எந்தக் கம்பெனி வண்டியின் அளவும் இல்லை. நீளம் 1 மீட்டர், அகலம் 60 மி.மீ., தடிமன் 7 மி.மீ., 5 பட்டா. எஃகின் யங் குணகம் ச.மி.மீ.-க்கு 2,00,000 நியூட்டன். விறைப்பு மி.மீ.-க்குச் சுமார் 55 நியூட்டன் வருகிறது. 750 கிலோவும் பின்சக்கரங்கள் மேலேயே விழுவதாக வைத்தால் ஒரு பக்கத்துக்கு 375 கிலோ. பட்டா 67 மி.மீ. இறங்கும்.

அதே 7 மி.மீ. பட்டா ஒன்று சேர்த்து ஆறாக்கினால் 56 மி.மீ. இறங்கும். விறைப்பு 20 சதவீதம் கூடியது. ஒன்றும் சேர்க்காமல் ஐந்தையும் 8 மி.மீ. தடிமனாக மாற்றினால்? 45 மி.மீ. மட்டும்தான் இறங்கும்! ஒரே ஒரு மில்லிமீட்டர். பென்சில் கோடு தடிமன். விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. கடையில் "கொஞ்சம் கனமான பட்டா போட்டுக்கோங்க" என்று சொல்லும்போது அந்தக் "கொஞ்சம்" இவ்வளவு பெரிசு.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து நுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கவும். பிறகு இரண்டு ஸ்கேலைச் சும்மா சேர்த்து வைத்து அளக்கவும். தாழ்வது பாதியாகும். இரண்டையும் நீளம் முழுக்க நல்ல பசையால் ஒட்டிக் காயவைத்து அளந்தால் எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும். (ஸ்கேல் வீணாகும். தம்பியின் ஸ்கேலை எடுக்க வேண்டாம்!)

சரி, விறைப்பு கூடினால் நல்லதுதானே, அதிக லோடு ஏற்றலாமே என்று தோன்றும். நானும் பட்டறைக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அங்கே இருந்த மேஸ்திரி சித்தப்பாவிடம் சொன்னது: "பட்டா ஏத்தினா வண்டி தூக்கி நிக்கும்ணா. தாங்கும்னு நான் சொல்லலையே."

யோசித்துப் பாருங்கள். சுமை தொட்டியிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து பட்டாவுக்கு, பட்டாவிலிருந்து ஆக்சிலுக்கு, அங்கிருந்து பேரிங், வீல் போல்ட், டயர் வழியாகத் தரைக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் நாம் மாற்றியது ஒரே ஒரு கண்ணி. மற்றதெல்லாம் 750 கிலோவுக்குச் செய்தது அப்படியே இருக்கிறது. பிரேக்கும் அப்படியே. முன்பு வண்டி தாழ்ந்துபோய் "போதும்" என்று காட்டிக்கொடுத்தது. இப்போது 1,100 கிலோ ஏற்றினாலும் நிமிர்ந்தே நிற்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது. செங்கம் தாண்டி மலை இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்று எனக்குப் பெரிய ஆச்சரியம். சில பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு கம்பி, அதோடு ஒரு பிரேக் வால்வு இருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்தக் கம்பி நகர்ந்து, "லோடு இருக்கு, பின் சக்கரத்துக்கு இன்னும் பிரேக் கொடு" என்று வால்வுக்குச் சொல்லும். காலி வண்டியில் பின்பிரேக்கைக் குறைத்துவிடும், இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பட்டா ஏற்றியதால் வண்டி தாழவே இல்லை என்றால்? வால்வு அதைக் காலி வண்டி என்று நினைக்கும். முழு லோடில் பின்பிரேக் குறையும்! அந்த மாதிரி வண்டியில் பட்டாவை மாற்றினால் வால்வையும் கம்பெனி சொன்ன அளவுக்கு மறுபடி அமைத்தே ஆக வேண்டும்.

காலியாகத் திரும்பும்போது வேறு தொல்லை. விறைப்பான பட்டா சின்னக் கல்லுக்குக்கூட வளையாது. பின்பக்கம் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் ரோட்டில் இல்லை, மழை நாளில் வளைவில் இது ஆபத்து. பின்பக்கம் தூக்கி நிற்பதால் ஹெட்லைட் வெளிச்சம் கிட்டத்திலேயே விழும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 113-வது பிரிவு எடை வரம்பைச் சொல்கிறது. ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும், கழித்தால் வருவதுதான் நமக்கு அனுமதித்த சுமை. பட்டா எத்தனை போட்டாலும் அந்த எண் மாறாது. 2019 திருத்தத்தில் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். 52-வது பிரிவின்படி கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது.

இப்போது சித்தப்பா வண்டிக் கதை. மேஸ்திரி பட்டா விற்கவே அவசரப்படவில்லை. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப்பால் அளந்தார். இடது பக்கம் குறைவு. அழுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். இடது பக்கம் இரண்டாவது பட்டா நடுவில், சென்டர் போல்ட் ஓட்டை பக்கமாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் பாதி துரு, பாதி பளபளப்பு. "தம்பி இங்க பாரு, துரு இருக்கிறது பழைய விரிசல். பளபளன்னு இருக்கிறது கடைசியா விட்டது" என்று காட்டினார். மீதிப் பட்டாக்களும் வளைவு போய்த் தட்டையாகி இருந்தன. அதாவது பட்டா போதாமல் வண்டி தாழவில்லை. இருந்த பட்டாவே செத்துப்போய் இருந்தது.

சித்தப்பா, "உடைஞ்சதை வெல்டிங் வெச்சிடுங்க மேஸ்திரி" என்றார். அதற்குத்தான் அவர் கோபப்பட்டார். காரணம் நம் வேதியியல் பாடத்தில் இருக்கிறது. பட்டா சாதாரண இரும்பு இல்லை, சிலிக்கான், மாங்கனீசு மாதிரி கலந்த எஃகு. அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தி இருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி நொறுங்கும் இடம் உண்டாகும். அங்கேதான் மறுபடி உடையும்.

கடைசியில் இரண்டு பக்கமும் கம்பெனி அளவிலேயே புது செட் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். சாக்கிள் புஷ்களும் புதுசு. சாக்கிள் என்பது பட்டாவின் பின்முனையைத் தாங்கும் ஊஞ்சல். பாரம் ஏறி வளைவு நிமிரும்போது பட்டாவின் இரு முனைகளும் விலகும், அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த ஊஞ்சல். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவில்லை. ஒரு தடவை முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், பிடிமானம் சரியாக இருக்காது என்றார். கொஞ்ச நாள் ஓட்டியதும் வந்து மறுபடி டைட் வைத்துக்கொள்ளச் சொன்னார். அது லூசானால் ஆக்சில் பட்டாவின் மேல் நகரப் பார்க்கும், முழுப் பளுவும் அந்த மெல்லிய சென்டர் போல்ட்டில் விழும். அது வெட்டுப்பட்டால் பின் ஆக்சில் கோணலாகி வண்டி நண்டு மாதிரி ஓடும்.

அனுமதித்த எடைக்குள்ளேயே ஏற்றி, அப்போதும் வண்டி ரொம்பத் தாழ்ந்தால் ஹெல்ப்பர் பட்டா என்று ஒன்று உண்டு. இடைவெளி விட்டு மாட்டுவது. காலியாக இருக்கும்போது அது சும்மா இருக்கும், பாரம் ஏறித் தாழ்ந்தபிறகுதான் தொட்டு வேலை செய்யும். காலியிலும் துள்ளாது, லோடிலும் தாங்கும். எல்லாப் பட்டாவையும் தடிமனாக்குவதைவிட இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. அதையும் அந்த வண்டி மாடலுக்குக் கம்பெனி ஒத்துக்கொண்டதாக இருந்தால் மட்டுமே போட வேண்டும்.

சித்தப்பா இப்போது 10 மூட்டையோடு நிறுத்துகிறாரா என்று கேட்பீர்கள். மீதி நாலு மூட்டைக்கு இரண்டாவது நடை போகிறார். டீசல் செலவைச் சொல்லிப் புலம்புகிறார். வியாபாரியிடம் அந்த நடைக்குத் தனி வாடகை கேட்கச் சொல்லி இருக்கிறார் சித்தி.

நண்பர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு வண்டியில் 6 மி.மீ. தடிமனில் 6 பட்டா. இன்னொரு வண்டியில் 9 மி.மீ. தடிமனில் 2 பட்டா மட்டும். நீளம், அகலம், எஃகு எல்லாம் ஒன்றே. எதற்கு விறைப்பு அதிகம்? ஒரே பள்ளத்தில் இரண்டும் ஒரே அளவு வளைந்தால் எந்தப் பட்டா முதலில் உடையும்? விடையைக் காரணத்தோடு எழுதி, பெயர், வகுப்பு குறிப்பிட்டு இதழ்ப் பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த இதழில்.