சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்கும் விசா

ஒரு ஜூன் மாதக் காலை. பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கம் நான் பணியாற்றிய பள்ளிக்கு முன்னாள் மாணவி ஒருத்தி அப்பாவோடு வந்தாள். பொறியியல் முடித்திருந்தாள். ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இனிப்புக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "சார், என் அட்மிஷன் ரிஜிஸ்டரைக் கொஞ்சம் பாக்கணும்" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்புச் சேர்க்கை. என் கையெழுத்துதான். அவள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கு நான் 'எல்' போட்டிருந்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் பட்டச் சான்றிதழ் வரை அதுவே தொடர்ந்தது. பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் 'இசட் எச்' இருந்தது. பாஸ்போர்ட்டும் அவற்றைப் பின்பற்றியது. போதாக்குறைக்கு, பள்ளிச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால், பட்டச் சான்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக.

மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும். தமிழ் தெரியாத அலுவலருக்கு எப்படித் தெரியும்? விளக்கம் கேட்டார்கள். நோட்டரி உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் பெயர்த் திருத்தம் என்று அலைந்ததில் அக்டோபரில் தொடங்கும் பருவம் கைநழுவியது. அந்தப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை. அவள் மறு ஆண்டுதான் போனாள். "விடுங்க சார், நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றார் அவள் அப்பா. பருத்தியும் மக்காச்சோளமும் விற்றுப் படிக்க வைத்தவர். அந்தச் சொல்தான் இதை எழுதவைக்கிறது.

விசா கேட்பது என்ன?

எந்த நாடானாலும் மாணவர் விசாவில் கேட்கப்படுபவை மூன்று. நீ யார்? எங்கே இடம் கிடைத்திருக்கிறது? செலவுக்குப் பணம் இருக்கிறதா?

இடத்துக்கான சான்றைப் பல்கலைக்கழகம் தரும். அமெரிக்காவுக்கு 'ஐ-20' படிவம், பிரிட்டனுக்கு 'சி.ஏ.எஸ்.' எண். ஜெர்மனி 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து 'ஏ.பி.எஸ்.' சான்று வாங்கச் சொல்கிறது.

பணத்துக்கும் கணக்கு உண்டு. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்டுகிறார்கள். மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்கலாம். பிரிட்டனுக்கு, உரிய தொகை தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டிலும் ஆசிரியர் செய்யக்கூடியது குறைவு. 'நீ யார்?' என்ற முதல் கேள்விக்கான விடையை எழுதத் தொடங்குவது நாம்தான்.

நம் பெயரும் அவர்கள் படிவமும்

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தே போதும். பாஸ்போர்ட் படிவமோ தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் நம் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயரின் இடத்தில் 'பெயர் தெரியாது' என்று பொருள்படும் 'எப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து விழும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததை, வளைகுடாவில் உறவினர் உள்ள நம் பகுதிக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய எஸ். சந்திரசேகரை நினைத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து விரிந்து 'சுப்பிரமணியன் சந்திரசேகர்' ஆனது. அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயரின் இடத்தில் நின்றது. எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் என்பதைவிட, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருப்பதே முக்கியம்.

மாவட்டமும் மாறும்

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. திருச்சியிலிருந்து பெரம்பலூர் 1995இல் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பர் 23இல் மறுபடி பிரிந்தது. 2005இல் ஜெயங்கொண்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றில் பெரம்பலூர் மாவட்டம். ஆதார் முகவரியில் அரியலூர் மாவட்டம். வீடு மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது. கேட்டால் இதை இரண்டு வரியில் விளக்கத் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை தடுமாறாது.

நாம் செய்யக்கூடியவை

1. சேர்க்கையின்போது பெற்றோர் வாயால் சொல்வதை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். பிறப்புச் சான்றைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு எழுதுங்கள். சான்றில் பிள்ளையின் பெயர் பதியப்படாமல் இருந்தால் உடனே பதியச் சொல்லுங்கள்.

2. எமிஸ் பதிவு, ஆதார், பிறப்புச் சான்று மூன்றையும் எட்டாம் வகுப்பிலேயே ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போகும் முன் திருத்துவது எளிது. சான்றிதழ் அச்சான பிறகு பெரும்பாடு.

3. பெயர்ப்பட்டியலைப் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கும்போது, படித்துக் காட்டி வாங்குங்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் பெறப் பிறப்புச் சான்று ஒன்றே பிறந்த தேதிக்கான ஆதாரம். இன்று நம் வகுப்பறைகளில் இருப்பவர்கள் எல்லாரும் அதற்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்கு நாம் தரும் மாற்றுச் சான்றிதழும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இன்னும் செல்லும். ஆகவே நம் பேனாவுக்குப் பொறுப்பு அதிகம்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஒரு பாடவேளை போதும். ஆவணங்களின் நகல்களை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆதார் எண்ணை மறைத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் நான்கு கட்டம் வரைந்து, ஒவ்வோர் ஆவணத்திலும் தம் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, ஊர் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். வேறுபாட்டைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். பிறகு 05/08 என்று கரும்பலகையில் எழுதிக் கேளுங்கள். நமக்கு அது ஆகஸ்ட் 5. அமெரிக்கருக்கு மே 8.

நான் இதை முதன்முறை செய்தபோது சிவப்பு வட்டம் இல்லாத தாள்கள் சிலவே. வட்டமிட்டவற்றை அந்த ஆண்டே பெற்றோரைக் கூப்பிட்டுத் திருத்தினோம்.

நம் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போகப்போவதில்லை. போக நினைக்கும் ஒரு பிள்ளை, நாம் எழுதிய ஓர் எழுத்தால் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. இந்த ஜூனில் பதிவேட்டைத் திறக்கும்போது பிறப்புச் சான்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.