கச்சான் இனிப்புப் பாண் வீட்டிற் சுடும் முறை

நிலக்கடலை, எம்மவர் வழக்கிற் கச்சான், நெற்செய்கைக்கு நீர் போதாத மேட்டுநிலத்திலும் மணற்பாங்கான தோட்டத்திலும் நற்பயன் தரும் பயிராகும். அதன் பருப்பின் எடையிற் காற்பங்கு புரதமும் ஏறக்குறைய அரைப்பங்கு எண்ணெயும் உண்டு. இத்துணைச் சத்துள்ள பொருள், அதை விளைவிக்கும் வீட்டிலே எவ்வாறு உண்ணப்படுகின்றது என்பதைக் கவனித்தால் மனம் வருந்த வேண்டியுள்ளது. முற்றித் திரண்ட காய்கள் யாவும் சாக்கிற் கட்டப்பட்டுச் சந்தைக்குச் செல்கின்றன. வியாபாரி வேண்டாமென்று ஒதுக்கிய சுருங்கல், உடைசல், நிறம் மாறியவை ஆகியன அடுக்களைக்கு வருகின்றன. அவற்றை வறுத்து இடித்துச் சீனி கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நான் பல மனைகளிற் கண்டுள்ளேன். சிக்கனமென்று செய்யப்படும் இக்காரியம் சிக்கனமன்று. கச்சானில் நஞ்சு சேரும் இடம் பெரும்பாலும் அந்த ஒதுக்கலேயாகும்.

விளைச்சலில் நல்ல பருப்பு ஒரு பங்கை வீட்டிற்கென எடுத்துவைத்து, அதைக்கொண்டு மதுவம் சேர்க்காமலும் போறணை இல்லாமலும் ஓர் இனிப்புப் பாண் சுடும் முறையை இங்கு விளக்குவோம். கமக்காரருக்குரிய பிரசுரத்திற் சமையற் குறிப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் பருத்தி ஒன்றையே நம்பி நிலம் களைத்துப்போன விவசாயிகளுக்காக, டஸ்கீகி என்னும் ஊரிலே பணியாற்றிய ஜோர்ஜ் வாஷிங்டன் காவர் 1916ஆம் ஆண்டில் நிலக்கடலைப் பிரசுரமொன்றை வெளியிட்டார். பயிரிடும் முறையோடு, உண்ணத் தயாரிக்கும் 105 முறைகளும் அதிற் கூறப்பட்டன. பாண் வகைகளும் அவற்றுள் அடங்கும். விளைவித்தவன் உண்ணக் கற்றாலன்றிப் பயிர் நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பூஞ்சண நஞ்சு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுள் மடிந்தன. காரணம் முதலில் விளங்கவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றின் தீனியிற் கலந்திருந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒரு நஞ்சு இருந்தமை தெரியவந்தது. அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கும் இந்நஞ்சுக்கு அஃபிளாடொக்சின் என்று பெயரிட்டனர். இது ஈரலைத் தாக்குவது. நெடுங்காலம் சிறுகச் சிறுக உட்கொண்டால் ஈரலிற் புற்றுநோயை விளைவிக்கக் கூடியது. சர்வதேச உணவு நியமத்தின்படி பதப்படுத்தச் செல்லும் ஒரு கிலோ நிலக்கடலையில் 15 மைக்கிரோகிராமுக்கு மேல் இஃது இருத்தலாகாது. அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கி, அவற்றிற் பதினைந்து பங்கு. இதனைக் கண்ணாற் காணவும் நாவாற் சுவைத்தறியவும் இயலாது.

வறுத்தால் நஞ்சு போய்விடும் என்று எண்ணுவோர் பலர். வறுக்கும்போது ஒரு பகுதி குறையுமேயன்றி முற்றாக அழியாது. பாண் சுடும் சூட்டினால் இன்னும் குறைவான பயனே உண்டு. ஏனெனில் மேலோடு எவ்வளவு சிவந்தாலும், உள்ளே ஈரம் இருக்கும்வரை பாணின் நடுப்பகுதி 100 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டுவதில்லை. ஒதுக்கலைச் செக்கிலிட்டாலும் எண்ணெயிற் சிறுபங்கும் பிண்ணாக்கிற் பெரும்பங்குமாக நஞ்சு நின்றுவிடும். அதனைக் கோழிக்கும் தாராவுக்கும் போடுதலும் தவறு. தாராக்குஞ்சு இந்நஞ்சுக்கு மிக விரைவிற் பலியாகும்.

எனினும் நமக்குச் சாதகமான உண்மை ஒன்றுண்டு. ஒரு சாக்குக் கச்சானில் நஞ்சு எங்கும் ஒரே சீராகப் பரந்திருப்பதில்லை. பழுதுற்ற சில பருப்புகளிலேயே செறிந்திருக்கும். ஆகவே அவற்றைக் கையாற் பொறுக்கி எறிதல், எந்த இயந்திரமும் இல்லாத வீட்டிலே செய்யக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்பாகும்.

உலர்த்துதலும் பொறுக்குதலும்

பூஞ்சணத்துக்கு வேண்டியவை ஈரமும் வெப்பமும். காலபோகக் கச்சான் பிடுங்கும் தை, மாசி மாதங்களிற் பின்மழை பெய்தால் இவையிரண்டும் ஒருங்கே கிட்டும். எனவே பிடுங்கிய செடிகளைக் குவித்து வைத்தலாகாது. வேர்ப்பக்கம் மேலாகப் பரப்பி வாடவிட்டு, காய்களை ஆய்ந்து, பாயில் மெல்லிய படையாக மூன்று முதல் ஐந்து நாள் வெயிலிற் காயவிடல் வேண்டும். இரவிலும் மழைக்குறி கண்டபோதும் மூடிவைத்தல் அவசியம். காயை ஆட்டும்போது பருப்புக் கலகலக்க வேண்டும். விரலால் உரசினாற் சிவந்த தோல் கழன்றுவர வேண்டும். கடித்தால் வளையாது நொறுங்க வேண்டும். அந்நிலையில் ஈரப்பதன் நூற்றுக்கு எட்டளவில் இருக்கும். சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காது பலகை மீது, சுவரிற் படாமல் வைக்குக. வீட்டுத் தேவைக்குரியதைக் கோதுடனேயே சேமித்து, வேண்டும்போது உடைத்தெடுத்தல் நன்று. கோது இயற்கை தந்த உறை. உடைத்த பருப்பு விரைவிற் கெடும்.

பாணுக்கென உடைத்த பருப்பைச் சுளகிற் பரப்பிப் பகல் வெளிச்சத்திற் பொறுக்குக. பூஞ்சணம் படிந்தவை, கறுத்தவை, மஞ்சள் படர்ந்தவை, சுருங்கியவை, முளைத்தவை, பூச்சி துளைத்தவை யாவும் கழிக்கப்படல் வேண்டும். மணலுடன் சேர்த்து மிதமான சூட்டில் வறுத்து, அரித்து, ஆறியபின் தோல் நீக்கிப் புடைத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை பார்க்குக. தோலின் கீழ் மறைந்திருந்த கறைகள் இப்போதுதான் வெளிப்படும். இந்த இரண்டாம் பொறுக்கலை விட்டுவிடுவோரே அதிகம். கைத்த பருப்பு ஒன்று வாயிற்பட்டால் அதனை விழுங்காது துப்பிவிடுக. கழித்தவற்றை எரித்தோ ஆழப் புதைத்தோ விடுக.

மதுவமின்றிப் பாண் பொங்கும் விதம்

கடைப்பாண் மதுவத்தாற் பொங்குவது. அதற்குச் சில மணி நேரமும் பிசைந்த கையின் உழைப்பும் தேவை. இப்பாணிலோ அப்பச்சோடாவும் தயிரின் புளிப்பும் கூடியவுடன் வாயு உண்டாகி மாவைத் தூக்குகின்றது. விரைவு இதன் நன்மை; அதுவே இதன் நிபந்தனையுமாகும். ஈரம் பட்ட கணத்திலிருந்து வாயு வெளியேறத் தொடங்குவதால், அடுப்பும் பாத்திரமும் சூடேறி ஆயத்தமாகும்வரை மாவை நனைத்தலாகாது.

ஒரு பாணுக்குக் கோதுமை மா 200 கிராம், குரக்கன் மா 50 கிராம், வறுத்த கச்சான் 125 கிராம், பனங்கட்டி அல்லது சர்க்கரை 125 கிராம், கனிந்த கதலி வாழைப்பழம் இரண்டு, கட்டித் தயிர் 150 மில்லிலீற்றர், முட்டை ஒன்று, தேங்காயெண்ணெய் 4 மேசைக்கரண்டி, அப்பச்சோடா தட்டிய முக்காற் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியன போதும். முட்டை உண்ணாதோர் அதற்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி தயிரைக் கூட்டலாம். குரக்கனில் மாவைப் பிணைக்கும் பசையம் இல்லை. ஆகையால் மூன்றிலொரு பங்குக்கு மேல் அதனைச் சேர்த்தாற் பாண் உதிர்ந்துவிடும். தயிர் கிடையாதவிடத்துப் பாலும், அப்பச்சோடாவுக்குப் பதிலாகப் பேக்கிங் பவுடர் தட்டிய இரண்டு தேக்கரண்டியும் பாவிக்கலாம்.

அடிகனமான பெரிய பாத்திரமொன்றில் இரண்டங்குல உயரத்துக்கு உலர்ந்த மணல் இட்டு, தகட்டு மூடியால் மூடி, மூடியின் மேற் சிரட்டைத் தணல் பரப்புக. கீழே மிதமான நெருப்பு இருந்தாற் போதும். மேற்சூடே பாணைச் சிவக்கச் செய்வது. கால் மணி நேரத்தின் பின் ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியை உள்ளே வைத்துப் பார்க்குக. ஐந்து நிமிடத்தில் அஃது இளம்பழுப்பானாற் சூடு சரி. கருகினால் தணலைக் குறைக்குக. தணல் வேலையைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே செய்க. போறணை உள்ளவர்களுக்கு 180 பாகை செல்சியஸ் பொருத்தமான சூடாகும்.

பாத்திரம் சூடேறும் வேளையில் இரு மாக்களையும் உப்பையும் அப்பச்சோடாவையும் அரிதட்டில் இருமுறை அரித்துக்கொள்க. சோடாக் கட்டி கரையாது நின்றால் அவ்விடம் மஞ்சட் புள்ளியாகிச் சவர்க்காரம் போற் சுவைக்கும். பனங்கட்டியைச் சிறிது வெந்நீரிற் கரைத்து, மண் தங்காதவாறு வடித்து ஆறவிடுக. அதனுடன் பழத்தை மசித்து, முட்டை, தயிர், எண்ணெய் ஆகியவற்றையும் அடித்துச் சேர்க்குக. கச்சானில் முக்காற்பங்கை அரைகுறையாக இடித்து மாவிற் பிரட்டுக. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உண்பதாயின் முழுவதையும் பொடியாகவே இடித்தல் வேண்டும். முழுப்பருப்புச் சிறுவரின் தொண்டையில் அடைக்கும். கச்சான் ஒவ்வாத உடலினர் சிலர் உளர். முன்பு உண்டபோது தடிப்போ மூச்சிரைப்போ கண்டவர்களுக்கு இதனைக் கொடுக்கவே கூடாது.

இனி ஈரக்கலவையை மாவில் ஊற்றி, அகப்பையாற் பத்துப் பன்னிரண்டு முறை கிளறுவதுடன் நிறுத்துக. கலவை கட்டிகளுடன் தோன்றினாலும் குற்றமில்லை. உரொட்டிக்குப் பிசைவதுபோற் பிசைந்தால் பசையம் இறுகிப் பாண் கல்லாகிவிடும். பழக்கமுள்ள கைகளே இவ்விடத்தில் தவறுவதைக் கண்டிருக்கின்றேன். எண்ணெய் பூசிய பாண் தகரத்தில் முக்காற்பங்கு நிரம்ப ஊற்றி, எஞ்சிய கச்சானை மேலே தூவி, உடனே சூடான மணலின் மேல் வைத்து மூடுக. உட்புறம் வர்ணம் பூசிய பழந்தகரங்களைப் பாவிக்கலாகாது.

முதல் அரைமணி நேரம் மூடியைத் திறத்தல் கூடாது. பின் தணலைப் புதுப்பித்து, மேலும் இருபது முதல் முப்பது நிமிடம் விடுக. ஈர்க்கொன்றை நடுவிற் குத்தியெடுக்கும்போது மா ஒட்டாது வந்தால் வெந்துவிட்டது. நடுவில் தாழ்ந்து போயின் மூடியை முந்தித் திறந்தீர்கள், அல்லது நனைத்த மாவைக் காக்க வைத்தீர்கள். அடி கருகி மேல் வெளிறியிருந்தால் அடுத்த முறை கீழ்நெருப்பைக் குறைத்து மேற்றணலைக் கூட்டுக.

சூட்டோடு வெட்டினால் நொறுங்கும். ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு வெட்டுக. சுத்தமான துணியிற் சுற்றி மூடிய பாத்திரத்தில் வைத்தால், எமது வெப்பத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் இருக்கும். அதன்பின் பாணில் எங்கேனும் பூஞ்சணப் புள்ளி கண்டால், அவ்விடத்தை மட்டும் வெட்டியெறிந்து மிகுதியை உண்ணாது முழுவதையும் கழித்துவிடுக.