கிண்ணத்தைக் கழுவிடாதீங்க!

முதுமக்கள் தாழின்னா எலும்பு வைத்த பெரிய பானை மட்டும்னு நினைக்காதீங்க. கூடவே சின்னக் கிண்ணங்கள், மூடிகளும் வைத்திருப்பாங்க.

எங்க சேத்தூரிலிருந்து திருநெல்வேலி போய், திருச்செந்தூர் ரோட்டைப் பிடிச்சா ஆதிச்சநல்லூர். அங்கே கிடைத்த கிண்ணங்கள் பல உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பெயின்ட் இல்லை! கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்று போகாமல் கரி ஏறிக் கறுக்கும். வெளியே காற்று பட்டு, மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். நம்ம கெமிஸ்ட்ரி சிலபஸ்தான்.

ஆனா அசல் விஷயம் உள்ளே இருக்கிற மண். பக்கத்துச் சிவகளையில், ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடைத்த நெல்லைத்தான் கார்பன் டேட்டிங்குக்கு அனுப்பினாங்க. வந்த விடை கி.மு. 1155. அந்த மண்ணை யாராவது தட்டிக் கொட்டியிருந்தா?

ஊர்ல குழி தோண்டும்போது கிண்ணம் தட்டுப்பட்டா எடுக்காதீங்க, கழுவாதீங்க. அப்படியே விட்டுட்டு வி.ஏ.ஓ.கிட்ட சொல்லுங்க.