புயல் காலத்தில் ஃபைபர் படகு: மரக்காணம் கரைக்கு

மரக்காணம் உப்பளக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் சீறும். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

• புறப்படுமுன்: வானிலை எச்சரிக்கையையும், ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அலை உயர முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால் கடலுக்குப் போகக்கூடாது.

• படகில்: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், நீர் புகாத பையில் செல்போன், டார்ச், நீர் இறைக்க வாளி, குடிநீர், கூடுதல் எரிபொருள்.

• அலையில் சிக்கினால்: பக்கவாட்டில் அலை அடித்தால் படகு கவிழும். முன்பக்கத்தை அலைக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பி, வேகத்தைக் குறைக்க வேண்டும். வலையும் மீனும் படகின் நடுவே, தாழ்வாக இருக்கட்டும். எஞ்சின் நின்றால், முன்முனையில் கயிறு கட்டி வலையைக் கடலில் விட்டால், படகு அலையை நோக்கி நிற்கும்.

• உதவிக்கு: கடலோரக் காவல்படை, 1554.

• கரையில்: எஞ்சினைக் கழற்றி மேட்டில் வைத்து, படகுகளை மோதாதபடி இடைவெளிவிட்டுக் கட்ட வேண்டும்.