வில்பத்துக்கு எந்தப் பொழுதில் போவது?

நல்லூர்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை வாசித்தேன். ரொறன்ரோவின் ஸ்காபுறோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வழியில் வில்பத்துக் காட்டையும் பார்க்க நினைத்தது நல்ல எண்ணம். ஆனால் நள்ளிரவில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அப்படியே வான் வண்டியில் ஏறி, விடிய ஆறு மணிக்கு வில்பத்தின் ஹுணுவிலகம வாசலில் நின்று, பகல் முழுக்கக் காட்டில் சுற்றி, இரவோடிரவாக யாழ்ப்பாணம் வந்து சேர்வதாக எழுதியிருக்கிறாய். அடியில் ஒரு வரி: ‘பிளேனிலேயே நல்லாய் நித்திரை கொள்ளுவன், ஆனபடியால் பிரச்சினை இல்லை.’ இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான். படித்தவர்களே இதைச் சொல்லும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பயணக் களைப்பு ஒன்று, உடம்பின் பொழுது பிசகுவது இன்னொன்று. லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு இரவு முழுக்கப் பறக்க வேண்டும். ஆனால் ஆவணி மாதத்தில் இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் ஒரு மணித்தியாலந்தான். போய் இறங்குகிறவர் களைத்திருப்பார், ஓர் இரவு உறங்கினால் தெளிந்துவிடுவார். உனக்கோ ரொறன்ரோவுக்கும் இங்கேக்கும் இடையே ஒன்பதரை மணித்தியாலம். விமானத்தில் எத்தனை மணிநேரம் உறங்கினாலும் அதில் ஒரு நிமிடங்கூடக் குறையாது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். 1729இல் பிரான்சில் தெ மேரான் என்பவர் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டில் வைத்தார். வெயிலே படாதபோதும் அது பகலில் இலை விரித்து இரவில் மூடியது. அந்தச் செடியிலிருந்து 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வரையான கதையை நீயே தேடி வாசி. நமக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். மூளையின் அடியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் அந்தக் கடிகாரம் முக்கியமாக வெளிச்சத்தைப் பார்த்தே தன்னைத் திருத்திக்கொள்ளும், அதையும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில்தான் செய்யும். ஜூல் வேர்ணின் ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’ நாவலில் பாஸ்பார்ட்டு என்ற வேலைக்காரன் வருவான். சூயஸில் மணிக்கூட்டைத் திருத்தச் சொல்வார்கள். சூரியன்தான் பிழை, என் மணிக்கூடு சரி என்று அடம்பிடித்து, லண்டன் நேரத்தைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு பாதி உலகம் சுற்றுவான். பிறகு பசிபிக் கடலில் அந்த முள்ளும் கப்பலின் முள்ளும் தற்செயலாக ஒன்றுபட்டதும் அவனுக்கு வரும் குதூகலத்தைப் பார்க்க வேண்டும்! கப்பலில் அப்போது பகல், அவன் கையில் இருப்பது இரவின் மணி. பயணி என்ன நினைத்தாலும் அவருடைய உடம்பு அந்த வேலைக்காரனைப்போலத்தான் நடந்துகொள்கிறது.

இனி உன் திட்டத்தைக் கணக்கில் வைத்துப் பார். வில்பத்தில் விடிய ஆறு மணி, உன் உடம்புக்கு முதல் நாள் இரவு எட்டரை. வாசல் திறந்து ஜீப் உள்ளே போய், சிறுத்தை பார்க்க நல்ல நேரமென்று சாரதி வேகத்தைக் குறைக்கும் எட்டு மணி, உனக்கு இரவு பத்தரை. பத்து மணிக்கு உன் உடம்பில் நடுச்சாமம் தாண்டிவிடும். காட்டில் பார்ப்பதென்பது கண்ணைத் திறந்து வைத்திருப்பது மட்டுமல்ல. பாலை மரத்தின் கீழ் வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழுந்து கிடக்கும்; அந்தப் புள்ளிகளில் ஒன்று வாலை அசைத்தால்தான் அங்கே சிறுத்தை கிடக்கிறதென்று தெரியும். புள்ளிமான் ஒருமுறை கூவும். மரத்திலிருந்து மந்தி இருமுவதுபோல ஒரு சத்தம் போடும். செம்மண் பாதையில் பாதத்தடம் ஒன்று சக்கரத் தடத்தின் மேல் விழுந்திருந்தால், விலங்கு வண்டிக்குப் பிறகு போயிருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் பிடிக்க விழிப்பு வேண்டும். நித்திரைக்குரிய வேளையில் மூளை நமக்குத் தெரியாமலே சில விநாடிகள் அணைந்து அணைந்து எரியும். சிறுத்தை பாதையைக் கடக்க அந்த விநாடிகளே போதும்.

இடத்தையும் பொழுதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை நம் பழைய இலக்கணம் அழகாக வகுத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொல்காப்பியர் முதற்பொருள் என்று வைத்தது இரண்டை: நிலம், பொழுது. நிலத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பொழுதைக் கடிகாரக்காரனிடம் விட்டுவிடவில்லை. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு, இதைச் சொல்லும் பொருளதிகாரத்தைப் பதிப்பித்துத் தந்திருக்கிறார். நம் குடாநாட்டு மனிதர் ஒருவர் ஏட்டிலிருந்து மீட்டெடுத்த நூல். நம் பிள்ளைகள் பரீட்சைக்கு மட்டும் அதைத் திறக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மனக்குறை. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தால் ஒன்றுக்குப் பத்து நாழிகை. உன் ஒன்பதரை மணித்தியாலம் ஏறத்தாழ 24 நாழிகை, அதாவது இரண்டு சிறுபொழுதுக்கும் மேல். நிலம் காலையில் நிற்க நீ மாலையில் நிற்கிறாய். முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல் என்று தொல்காப்பியர் பொருத்தியது பாட்டுக்காக மட்டும் என்று நினைக்காதே. ஓர் இடத்தின் உயிர்கள் எப்போது வெளியே வரும், எப்போது ஒதுங்கும் என்று கூர்ந்து பார்த்தவர்கள் செய்த பகுப்பு அது. கிழக்கு ஆபிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் இன்றைக்கும் விடியலிலிருந்துதான் மணி எண்ணுகிறார்கள். நாம் ஏழு என்பது அவர்களுக்கு ஒன்று. நம் பஞ்சாங்கமும் உதயத்திலிருந்தே நாழிகை எண்ணும். இடத்தின் சூரியனிலிருந்து எண்ணுவதுதான் காட்டுக்குப் போகிறவருக்குப் பொருந்திய எண்ணிக்கை.

இறங்கிய அன்றே விடியலில் காட்டுக்குப் போகாதே என்றால் நீ மூன்று மறுப்புச் சொல்வாய். முதலாவது, மெல்பேர்ன் மச்சாள் இறங்கிய கையோடு காட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தாளே என்பது. பார்த்திருப்பாள். அவள் கிழக்கிலிருந்து வந்தவள். வில்பத்தின் ஆறு மணி அவளுக்கு முற்பகல் பத்தரை. லண்டன் தம்பிக்கு அதே ஆறு மணி இரவு ஒன்றரை, அவன் பாடு உன்னிலும் மோசம். ஒரே குடும்பம் ஒரே ஜீப்பில் ஏறினாலும் மூவருக்கும் மூன்று பொழுது என்பதை மறந்து, ஒருவருடைய அனுபவத்தை மற்றவருக்கு விதியாக்குவது சரியல்ல. இரண்டாவது, சிறுத்தை விடியலில்தானே வெளியே வரும் என்பது. அரைவாசி உண்மை. மாலையிலும் வரும். அத்துடன் ஆவணி மாதம் வறண்ட காலம். காடெல்லாம் காய்ந்து, மழைநீர் தங்கிய, வில்லுகள் எனப்படும் இயற்கைக் குளங்களின் ஓரத்தில் பின்னேரம் மான், பன்றி, யானை எல்லாம் தண்ணீருக்கு வரும், அவற்றின் பின்னால் சிறுத்தையும் வரும். இலங்கையில் சிங்கமோ புலியோ இல்லாததால் சிறுத்தைக்கு அஞ்ச வேண்டிய பெரிய விலங்கு கிடையாது, பகல் வெளிச்சத்திலும் அது வெளியாக நடக்கும். (கரடியை எதிர்பார்க்காதே. பாலைப்பழம் ஆடியோடு தீர்ந்துவிடும்.) மூன்றாவது, ஒரு நாள் வீணாகிறதே என்பது. வீணாகாது, பொறு.

நீ கவனிக்காத கணக்கு பின்னேரத்தில் இருக்கிறது. உடம்பின் வெப்பம் ஆகக் குறைவது வழமையாக எழும்பும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு, உனக்கு ரொறன்ரோவின் விடியப்புறம் நாலு, ஐந்து மணியளவில். அது இங்கே பிற்பகல் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையே. அதற்கு முந்திய மணித்தியாலங்களில் கண்ணில் படும் கடும் வெளிச்சம் உன் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். பிந்திய வெளிச்சம் முன்னுக்குத் தள்ளும். கிழக்கே வந்த உனக்கு வேண்டியது முன்னுக்குத் தள்ளுவது. ஆகவே காலைச் சபாரி உன்னைக் களைக்கப்பண்ணுவதோடு நிற்காமல் கடிகாரத்தையும் பிழையான திசையில் திருப்பிவிடும். மூன்று மணிக்குத் தொடங்கும் சபாரியோ, உன் உடம்பு விழிக்கத் தொடங்கும் வேளையில், மருந்தாகும் வெளிச்சத்தில் நடக்கும். கென்யாவிலும் தன்சானியாவிலும் காட்டு விடுதிகளில் வந்திறங்கியவர்களை முதல் நாள் பின்னேரம் நாலு மணியளவில் அழைத்துப் போகும் வழக்கம் பரவலாக உண்டு. வெயில் தணியட்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கமாக இருக்கலாம், ஆனால் மேற்கிலிருந்து வருகிற உடம்புக்கும் அது பொருந்துகிறது.

ஆகவே இப்படிச் செய். இறங்கியதும் நீர்கொழும்பில் தங்கு. உனக்கு நித்திரை வராது, வராவிட்டால் பரவாயில்லை. அந்த இரவு சாரதிக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து ஏழெட்டு மணிநேரம் வான் ஓட்டி வந்து விமான நிலையத்தில் காத்து நின்ற மனிதரை, மறுபடி சாமத்தில் புத்தளம் வீதியில் ஓட்டச் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அவர் பறக்கவில்லை, ஆனால் அவருடைய உடம்புக்கும் அது உறங்கும் சாமம். காலை எட்டு மணிக்குப் புறப்படுங்கள். சிலாபம், புத்தளம் தாண்டி ஹுணுவிலகம போக ஏறத்தாழ நாலு மணித்தியாலம். அந்த நேரம் உன் உடம்புக்கு இரவு பத்தரையிலிருந்து இரண்டரை வரை, அசல் உறங்கும் வேளை. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பின் இருக்கையில் படுத்துவிடு. மத்தியானம் சோறு சாப்பிட்டு, இரண்டரைக்கு முகம் கழுவி, மூன்று மணிக்கு அரைநாள் ஜீப்பில் ஏறு. ஆறு மணிக்கு வாசல் மூடும்வரை உள்ளே இரு. அன்றிரவு விடுதியில் தங்கி, அடுத்த நாள் பகலில் யாழ்ப்பாணம் வந்தால் போதும்.

விடியற்காலைச் சபாரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வில்லுகளின் மேல் பனிப்புகை எழும் நேரத்தை யார் விடுவார்? அதைத் திரும்பிப் போகும்போது வைத்துக்கொள். தீர்த்தத் திருவிழா முடிந்து நீ கட்டுநாயக்காவுக்குப் புறப்படும்போது உன் கடிகாரம் இங்கத்தைய சூரியனோடு சேர்ந்திருக்கும். ஆறு மணி உனக்கும் ஆறு மணியாகவே இருக்கும். இன்னொன்று. 1931இல் உலகை விமானத்தில் சுற்றிய வைலி போஸ்ட் புறப்படுவதற்கு முன்பே தன் நித்திரை நேரங்களை மாற்றிப் பழகினார். நீயும் புறப்பட மூன்று நாள் முன்பிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் முந்திப் படு, முந்தி எழும்பி வெளிச்சத்தில் நட. ஜீப்புக்காரருக்கு நேரம் மாற்றிச் சொல்ல வேண்டும், ஆகவே இந்தக் கிழமைக்குள் பதில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா