ஃபார்மட் அடிக்கும் முன்...

விண்டோஸ் திறக்கவில்லை என்றதும் "ஃபார்மட் அடிச்சிடு" என்பது நம் வழக்கம். போன வருடம் நானும் அப்படித்தான் அடித்தேன். நண்பனின் புராஜெக்ட் முழுதும் அழிந்தது. அவன் திட்டவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பிறகு கற்ற பாடம் இது. விண்டோஸ் 10 இன்ஸ்டலேஷன் டிஸ்கில் பூட் செய்து, மொழியைத் தேர்ந்தெடுத்த பின், 'இன்ஸ்டால் நவ்' பக்கம் போகாமல் கீழே இருக்கும் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்பதை அழுத்துங்கள். 'ட்ரபிள்ஷூட்' உள்ளே கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'நோட்பேட்' என்று டைப் செய்யுங்கள். அதன் 'ஓப்பன்' பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' வைத்தால், ஃபைல்களைப் பென்டிரைவுக்குக் காப்பி செய்துவிடலாம். 'சி' டிரைவ் 'டி' என்று தெரியலாம், பயப்படாதீங்க!

அடுத்துதான் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. பூட் ஃபைல் மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஃபார்மட் கடைசி மருந்து, மறவாதீர்!