வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த வீடியோ பிளேயர்? 'இலவசம்'னு போட்டிருந்தா மட்டும் போதுமா?



செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது என்.பி.டி.இ.எல். பாடங்களை பென்டிரைவ் நிறைய ஏத்திட்டுப் போறவங்க நம்மில் நிறைய பேர். உங்க ஊர் வாலிநோக்கம்னு வச்சுக்குவோம். வீட்டில் இருப்பது அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு இலவச லேப்டாப். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. அந்த ஒரே மெஷினில் உங்க பாடமும் ஓடணும், சித்தப்பா கல்யாண டி.வி.டி.யும் ஓடணும், தம்பி போனில் எடுத்த வீடியோவும் ஓடணும். ஒன்றில் சத்தம் வருது, படம் வரலை. இன்னொன்று திக்கித் திக்கி ஓடுது. உடனே 'ஃப்ரீ வீடியோ பிளேயர்'னு தேடி முதலில் வரும் லிங்கை அமுக்குறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

பெட்டி வேற, மீன் வேற

எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. எல்லாம் பெட்டியின் பெயர்தான். கரைக்கு வரும் ஐஸ் பெட்டிகள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது பாறையா, விளைமீனா என்று திறந்தால்தான் தெரியும். வீடியோவில் உள்ளே இருக்கும் மீனுக்குப் பெயர் கோடெக். அதாவது, படத்தைச் சுருக்கி வைத்த முறை.

டி.வி.டி.யில் இருப்பது எம்பெக்-2. பாட வீடியோக்களில் பெரும்பாலும் 2003-இல் வந்த எச்.264. இப்போதைய போன்கள் பல 2013-இல் வந்த எச்.265-இல் எடுக்கின்றன. 2018-இல் ஏ.வி.1 வந்தது. விண்டோஸ் 8-இல் இருந்து டி.வி.டி. பார்க்கும் வசதியே கூட வருவதில்லை. எச்.265-க்குத் தனி நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கச் சொல்கிறது. படம் வராததற்குக் காரணம் ஃபைல் கெட்டுப்போனது இல்லை, அந்த மீனை வெட்டத் தெரிந்த கத்தி உங்க பிளேயரிடம் இல்லை, அவ்வளவுதான். நல்ல கட்டற்ற பிளேயர்கள் இந்தக் கத்திகள் எல்லாவற்றையும் கூடவே கொண்டு வரும். 'கோடெக் பேக்' என்று தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

திக்குவது எதனால்?

சுருக்கியதை விரிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சிப் செய்யலாம், இல்லையென்றால் பிராசசரே முழுக்கச் செய்யணும். இன்டெல் பிராசசர்களில் எச்.264-ஐ விரிக்கும் வசதி 2011 வாக்கிலேயே வந்துவிட்டது. எச்.265-க்கு 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை வேணும். ஏ.வி.1-க்கு 2020-இல் வந்த டைகர் லேக். பழைய லேப்டாப்பில் எச்.265 வீடியோ போட்டால் பிராசசர் தனியாகக் கிடந்து மல்லுக்கட்டும். ஃபேன் இரையும், மெஷின் கொதிக்கும்.

நம்ம கடற்கரைக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாலிநோக்கம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கும் ஊர். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும், தூசி ஃபேனை அடைக்கும். ஏற்கனவே மூச்சு வாங்கும் மெஷினைத் தேவையில்லாமல் சூடேத்தாதீங்க. பழைய மெஷின் என்றால் எச்.264-இல், 720-இல் இருக்கும் வீடியோவை இறக்குங்க. எந்தப் பிளேயரை மாத்தினாலும் கிடைக்காத பலன் இதில் கிடைக்கும்.

இலவசத்தில் ரெண்டு வகை

காசு வாங்காமல் கொடுப்பது ஒரு வகை. மூல நிரலையும் திறந்து வைத்து, யாரும் படிக்கலாம், மாத்தலாம், பகிரலாம் என்பது இன்னொரு வகை. இதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். கொரியாவின் காக்காவோ நிறுவனம் தரும் பாட்பிளேயர் முதல் வகை. நன்றாகவே ஓடும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியாள் பார்க்க முடியாது. ஆரஞ்சுக் கூம்பு போட்ட வி.எல்.சி. ரெண்டாவது வகை.

அந்த வி.எல்.சி. நம்மை மாதிரி பொறியியல் மாணவர்கள் செய்தது. 1996 வாக்கில் பாரிசின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரியில் கேம் ஆட வேகமான நெட்வொர்க் வேணும் என்று மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். அதற்கு ஒரு நியாயமான காரணம் காட்டணுமே! சேட்டிலைட் டி.வி.யை வளாகம் முழுக்க நெட்வொர்க் வழியே பார்க்கும் திட்டம் போட்டார்கள். அதில் பிறந்ததுதான் வீடியோலேன். 2001 பிப்ரவரியில் கல்லூரி சம்மதத்தோடு ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார்கள். இன்று அதை நடத்துவது லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு. விளம்பரம் கிடையாது.

2022-இல் நடந்தது

2022 பிப்ரவரியில் இருந்து வீடியோலேன் இணையதளம் இந்தியாவில் திறக்கவில்லை. முன்னறிவிப்பே இல்லை என்றார்கள் அதை நடத்துபவர்கள். அக்டோபரில் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு அரசுத் துறைகளுக்குச் சட்ட நோட்டீஸ் அனுப்பினார்கள். நவம்பரில் தடை நீங்கியது.

இடைப்பட்ட மாதங்களில் அசல் தளம் திறக்காதவர்களுக்குக் கண்ணில் பட்டது மூன்றாம் நபர் தளங்கள்தான். அது எவ்வளவு ஆபத்து என்றால், வி.எல்.சி. பெயரில் விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கொடுக்கும் தளங்களைப் பற்றி 2011-லேயே வீடியோலேன் குழு எச்சரித்திருந்தது. 2022 ஏப்ரலில் சிமான்டெக் இன்னொன்றைச் சொன்னது. சிகாடா என்ற ஹேக்கர் குழு, அசல் வி.எல்.சி. நிரலுக்குப் பக்கத்திலேயே ஒரு கெட்ட டி.எல்.எல். ஃபைலை வைத்து, அதன் வழியே தீநிரலை ஓட்டியது. வி.எல்.சி.யில் கோளாறு இல்லை, கூட வைத்த ஃபைல்தான் வில்லன். அதனால் நண்பன் பென்டிரைவில் இருந்து 'வி.எல்.சி.' ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணாதீங்க.

சரி, எதைப் போடலாம்?

*வி.எல்.சி.:* வீட்டில் எல்லாரும் தொடுகிற மெஷின் என்றால் இதுதான். டி.வி.டி.யும் ஓடும், விண்டோஸ், லினக்ஸ் ரெண்டிலும் ஓடும்.

*எம்.பி.சி.–எச்.சி.:* விண்டோசுக்கு மட்டும். எடை குறைவு. பழைய குழு 2017-இல் நிறுத்திவிட்டது. அதன் கிளை ஒன்று கிட்ஹப்பில் தொடர்கிறது, அதையே எடுங்க.

*எம்.பி.வி.:* பட்டன்கள் ரொம்பக் குறைவு, கீபோர்டுதான் எல்லாம். பழகினால் விடமாட்டீங்க. பட்டன் வேணும் என்பவர்களுக்கு எஸ்.எம்.பிளேயர் அதற்கு முகம் கொடுக்கும்.

போடும் முன்னும் பின்னும்

1. வி.எல்.சி.யை வீடியோலேன் டாட் ஆர்க் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்க. லினக்ஸ் என்றால் உங்க டிஸ்ட்ரோவின் களஞ்சியமே போதும்.

2. ஊருக்கு எடுத்துப் போகணும்னா கல்லூரியிலேயே இன்ஸ்டாலரை இறக்கி, தளத்தில் இருக்கும் எஸ்.எச்.ஏ.-256 எண்ணோடு ஒப்பிடுங்க. விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' கட்டளை அந்த எண்ணைக் காட்டும். ஒரு எழுத்து மாறினாலும் அழித்துவிடுங்க.

3. வீடியோ ஓடும்போது கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அமுக்கினால் வி.எல்.சி. கோடெக் பெயரைச் சொல்லும். திக்கும் வீடியோவுக்கு முதல் பரிசோதனை இதுதான்.

4. பிரிஃபரன்சஸில் 'இன்புட் / கோடெக்ஸ்' பகுதிக்குப் போய் ஹார்டுவேர் டீகோடிங் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கிறதா பாருங்க.

5. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவை நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என மாத்துங்க, என்கோடிங்கை யூ.டி.எஃப்-8 ஆக்குங்க.

6. பாடம் மெதுவாகப் போனால் வலது சதுர அடைப்புக்குறி விசையை அமுக்குங்க, வேகம் கூடும். இடது விசை குறைக்கும்.

பிளேயர் தேர்வு அஞ்சு நிமிஷ வேலை. அதில் ரெண்டு நிமிஷத்தை 'இதை யார் செய்தாங்க, நான் எங்கே இருந்து எடுக்கிறேன்' என்ற கேள்விக்கு ஒதுக்குங்க. குடும்பம் முழுக்க வங்கிக் கணக்கு பார்ப்பதும் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடுவதும் அதே மெஷினில்தான்.